குடும்பத்தைப் பாடமாக்கியவர்கள்

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் மினியாபொலிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கிறது. அங்கிருந்து சில மைல் தள்ளி, செயின்ட் பால் பக்கம் இன்னொரு வளாகம் உண்டு. வேளாண்மைப் படிப்புக்கென்று வளர்ந்த இடம் அது. இன்றைக்கும் சோதனை வயல்களையும் மாட்டுக் கொட்டகைகளையும் அங்கே பார்க்கலாம். அந்த வளாகத்தின் மெக்நீல் மண்டபத்தில் குடும்பச் சமூக அறிவியல் துறை இயங்கி வந்திருக்கிறது. வீட்டில் முடிவெடுப்பது யார், கஷ்டகாலத்தில் ஒரு குடும்பம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது, இன்னொன்று ஏன் சிதறிப் போகிறது, மனஸ்தாபத்தைப் பேசித் தீர்க்க என்ன வழி என்ற கேள்விகளுக்காக இத்தனை தலைமுறை ஆசிரியர்கள் தொடர்ந்து உழைத்த இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

தமிழ் வாசகர்களில் பலர் இந்தத் துறையின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அங்கே உருவான கருத்துகள் நம் சமூகப்பணிப் பாடநூல்களுக்கும் கவுன்சலிங் அறைகளுக்கும் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டன. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாய்மாரோடு வேலை செய்பவர்கள் கையாளும் ஒரு முக்கியமான கருத்து அந்தத் துறையில்தான் முதிர்ந்தது. அந்தக் கருத்து நம்மிடம் வந்து சேர்ந்த பாதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

கதை மினசோட்டாவுக்கு வெளியே தொடங்குகிறது. 1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான வீடுகளில் சம்பளம் நின்றது. சமூகவியலாளர்கள் சிலர் அந்த வீடுகளுக்குள் போனார்கள். ஒரே அளவு வருமானத்தை இழந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று நிமிர்ந்துவிடுகிறது, மற்றொன்று குலைகிறது. காரணம் என்ன என்று கேட்டார்கள். ராபர்ட் ஏஞ்சல் 1936-இல் வெளியிட்ட நூலில், குடும்பத்தாரின் ஒட்டுறவும் நிலைமைக்கேற்ப மாறிக்கொள்ளும் இயல்பும்தான் வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்றார். 1938-இல் ரூத் கேவன், கேத்தரின் ராங் இருவரும் சிகாகோவின் நூறு குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். மிர்ரா கோமரோவ்ஸ்கி 1940-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. வேலை போனபின் வீட்டில் கணவரின் பேச்சு எடுபடாமல் போவது எல்லா வீட்டிலும் நடக்கவில்லை என்று அவர் கண்டார். அன்பினாலும் மதிப்பினாலும் கிடைத்த இடம் சம்பளம் நின்றபிறகும் நிலைத்தது. பணத்தினாலோ பயத்தினாலோ பிடித்து வைத்திருந்த இடம் பறிபோனது.

இந்த ஆய்வுகளையெல்லாம் படித்து வளர்ந்தவர் ரூபன் ஹில். 1912-இல் யூட்டா மாநிலத்தின் லோகன் நகரில் பிறந்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இரண்டாம் உலகப்போர் முடியும் காலத்தில் அயோவா மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அயோவாவில் தகப்பன் போர்முனைக்குப் போய்த் திரும்பிய 135 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, பிரிவை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள், மறுபடி ஒன்றுசேர்ந்ததை எப்படிச் சமாளித்தார்கள் என்று விசாரித்தார். 1949-இல் வெளிவந்த 'அழுத்தத்தில் குடும்பங்கள்' என்ற அந்த நூலில் எலீஸ் போல்டிங்கின் உழைப்பும் சேர்ந்திருந்தது. அப்போது இளம் ஆய்வாளராக இருந்த அவர் பின்னாளில் அமைதி ஆய்வுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரானார். வீட்டுக்குள் நடக்கும் பிணக்கையும் நாடுகளுக்கிடையே நடக்கும் பிணக்கையும் ஒரே மனம் ஆராய்ந்தது என்பதை இந்தத் துறையின் மாணவர்கள் மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

அந்த 135 குடும்பங்களிடமிருந்து ஹில் கற்றுக்கொண்டது பலருக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும். தகப்பன் போனதோடு வந்தது ஒரு நெருக்கடி. தகப்பன் திரும்பி வந்ததும் இன்னொரு நெருக்கடிதான். அவர் இல்லாத காலத்தில் மனைவி வரவுசெலவைப் பார்த்தார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி முடிவெடுத்தார், வண்டி பழுதானால் ஆள் பிடித்தார். அவர் விட்டுப்போன இடத்தை முழுவதும் நிரப்பி, அவர் இல்லாமலே குறையின்றி நடக்கப் பழகிக்கொண்ட குடும்பங்கள் பிரிவை நன்றாகத் தாங்கின. ஆனால் அவர் வாசலில் வந்து நின்றபோது அவருக்குத் திரும்ப இடம் ஒதுக்க அந்த வீடுகள் அதிகம் திணறின. வளைகுடா நாட்டில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் கணவன்மாரின் வீடுகளில் இதே திணறலைத் தமிழ் வாசகர்கள் பார்த்திருப்பார்கள்.

ஆய்வின் முடிவை நான்கு எழுத்துகளில் அடக்கினார் ஹில். ஏ என்பது வந்த அடி. பி என்பது அதைத் தாங்கக் குடும்பத்தின் கையில் இருக்கும் பணம், உறவு, உடல்நலம், பழக்கம் எல்லாம். சி என்பது வந்ததை அந்தக் குடும்பம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது. இந்த மூன்றும் சேர்ந்துதான் எக்ஸ், அதாவது நெருக்கடி வருகிறதா, எவ்வளவு ஆழமாக வருகிறது என்பதை முடிவு செய்கின்றன. 'ஏபிசி-எக்ஸ்' என்று இன்றும் உலகம் முழுவதும் வகுப்பறைகளில் கரும்பலகையில் எழுதப்படும் கணக்கு இது. பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் வேலை போனது, நோய் வந்தது, ஆள் செத்தது என்று அடியின் பெயரை மட்டும் வைத்துக் குடும்பத்தை எடைபோடும் பழக்கத்தை இந்தக் கணக்கு உடைத்துவிட்டது. 1958-இல் சமூகப்பணியாளர்களுக்காக எழுதிய கட்டுரையில், நெருக்கடியைத் தாங்கும் குடும்பங்களின் இயல்புகளை ஹில் தொகுத்துத் தந்தார். கலந்து பேசி முடிவெடுக்கும் பழக்கம் அதில் ஒன்று. முன்பு ஒரு கஷ்டத்தைக் கடந்து வந்த அனுபவம் இன்னொன்று. மனைவிக்கு வீட்டுக்கு வெளியேயும் நட்பும் தொடர்பும் இருப்பது மற்றொன்று. இந்தக் கடைசி இயல்பை அந்தக் காலத்திலேயே ஒருவர் எழுதி வைத்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அயோவாவுக்குப் பின் வடகரோலினாவில் பணியாற்றிய ஹில், 1957-இல் மினசோட்டாவுக்கு வந்தார். சமூகவியல் துறையின் அரவணைப்பில் குடும்ப ஆய்வு மையம் உருவாயிற்று. அடுத்த கால் நூற்றாண்டு அவர் அங்கேயே இருந்தார். 1970 முதல் 1974 வரை பன்னாட்டுச் சமூகவியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

ஹில்லின் மினசோட்டா நாள்களில் நடந்த ஆய்வுகளில் 'மூன்று தலைமுறைகளில் குடும்ப வளர்ச்சி' பெரியது. மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதிகளில் தாத்தா பாட்டி வீடு, அப்பா அம்மா வீடு, புதிதாகக் கல்யாணமான பிள்ளையின் வீடு என்று ஒரே வம்சத்தின் மூன்று வீடுகளையும் அவர் குழு தேடிப் போனது. வீடு மாற்றுவது, வேலை மாற்றுவது, பெரிய பொருள் வாங்குவது ஆகியவற்றில் என்ன திட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சில மாதங்கள் கழித்துத் திரும்பப் போய், சொன்னதில் எது நடந்தது, சொல்லாமல் எது நடந்தது என்று பார்த்தார்கள். முடிவெடுப்பதை இப்படித் தொடர்ந்து பார்ப்பது அன்றைக்குப் புதிது. வீட்டுக்காரர் தன் வீட்டில் முடிவெடுக்கும் முறையைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, நடப்பது வேறொன்று என்பது அப்போது எண்ணிக்கையோடு தெரிந்தது. நடுத் தலைமுறையைத் தலைமுறைகளை இணைக்கும் பாலம் என்று ஹில் குறிப்பிட்டார். மேலே முதியவர்களுக்கும் கீழே இளையவர்களுக்கும் உதவுவது அவர்கள்தான். கொடுப்பதைவிட அவர்கள் பெறுவது குறைவு. இந்த ஆய்வு 1970-இல் நூலாக வந்தது.

அதே மையத்தில் 1960-களில் பணியாற்றிய மரே ஸ்ட்ராஸ், குடும்பத்திடம் கேள்வித்தாளை நீட்டுவதை விட்டுவிட்டு விளையாட்டை நீட்டினார். தரையில் கோடு போட்ட களம், பந்துகள், தள்ளுகோல்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஆட வேண்டும். விதிகளை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். சரியாக ஆடினால் பச்சை விளக்கு எரியும், தப்பாக ஆடினால் சிவப்பு. விளக்கைப் பார்த்து விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். யார் யோசனை சொல்கிறார்கள், யார் சொன்னது ஏற்கப்படுகிறது, பிள்ளையின் பேச்சுக்கு இடம் உண்டா என்பதை ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த ஆட்டத்தை மினியாபொலிஸிலும் போர்த்தோ ரிக்கோவின் சான் ஹுவானிலும் நம் பம்பாயிலும் நடத்தினார்கள். 1968-இல் வெளிவந்த முடிவு, நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் உழைக்கும் வர்க்கக் குடும்பங்களைவிட அதிகம் பேசித் தீர்வு கண்டன என்றது. ஆய்வகம், விளக்கு, கோட்டு சூட்டு ஆய்வாளர் இவையெல்லாம் பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த முடிவைப் படிக்க வேண்டும். இருந்தாலும் முடிவெடுப்பதை நேரில் பார்க்கலாம், அளக்கலாம் என்று காட்டிய துணிச்சலை மதிக்கிறேன்.

துணிச்சல் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. 1960-இல் ராபர்ட் பிளட், டொனால்ட் வுல்ஃப் இருவரும் டெட்ராய்ட் நகரின் குடும்பங்களைப் பற்றி எழுதிய நூல் அந்தக் காலத்தில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. கணவர் எந்த வேலைக்குப் போவது, எந்தக் கார் வாங்குவது, ஆயுள் காப்பீடு எடுப்பதா, விடுமுறைக்கு எங்கே போவது, எந்த வீட்டுக்குக் குடிபோவது, மனைவி வேலைக்குப் போகலாமா, எந்த டாக்டரிடம் காட்டுவது, வாரச் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்ற எட்டு விஷயங்களில் கடைசி முடிவு யாருடையது என்று கேட்டிருந்தார்கள். கேட்டது மனைவிமாரிடம் மட்டும். டாக்டரைத் தேர்ந்தெடுப்பதும் வேறு வீட்டுக்குக் குடிபோவதும் ஒரே எடையுள்ள முடிவுகளாகக் கணக்கில் ஏறின. மனைவி சொன்னதே குடும்பம் சொன்னதாகிவிடுமா என்ற விமர்சனம் 1960-களின் இறுதியில் வலுத்தது. அந்த விமர்சனத்தை ஆய்வாக மாற்றியவர்களில் ஒருவர் டேவிட் ஓல்சன். யாருக்கு அதிகாரம் என்று தம்பதியர் வாயால் சொல்வதும், அவர்களை உட்கார வைத்துப் பேசச் சொன்னால் நடப்பதும் பொருந்தவில்லை என்று அவர் 1969-இல் எழுதினார்.

பிறகு ராபர்ட் ரைடருடன் சேர்ந்து ஓல்சன் ஒரு முறையை உருவாக்கினார். பதினெட்டுச் சிறு கதைகள். எல்லாம் கணவன் மனைவிக்குள் வரும் அன்றாடத் தகராறுகள். இருவருக்கும் தனித்தனியாகப் படிக்கக் கொடுப்பார்கள். இருவரும் ஒரே கதையைப் படித்ததாக நினைப்பார்கள். பல கதைகளில் கணவனுக்கு ஒரு கோணமும் மனைவிக்கு வேறு கோணமும் எழுதியிருக்கும். தப்பு யார் பக்கம் என்று தனித்தனியே குறித்தபின், சேர்ந்து உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வரச் சொல்வார்கள். அப்போதுதான் உண்மையான பேச்சு தொடங்கும். குரலை உயர்த்துவது யார், விட்டுக்கொடுப்பது யார், கேட்டுவிட்டுத் தன் கருத்தை மாற்றிக்கொள்வது யார் என்று பதிவு சொல்லிவிடும். இன்று குடும்பப் பிணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இந்த முறையை வகுப்பில் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். நம் வீடுகளுக்கேற்ற கதைகளை நாமே எழுதிக்கொள்ளலாம்: தம்பியின் கல்யாணக் கடன், மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு, மனைவியின் ஊர்த் திருவிழா.

1970-இல் மினசோட்டாவின் மனையியல் கல்லூரியில் குடும்பச் சமூக அறிவியல் தனித் துறையாகியிருந்தது. ஓல்சன் 1973-இல் அங்கே வந்து சேர்ந்தார். மனையியல் என்றால் சமையல், தையல் என்று எளிதாகத் தள்ளிவிடும் போக்கு அங்கும் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் குடும்பத்தின் வரவு, நேரம், உழைப்பு ஆகியவை எப்படிப் பங்கிடப்படுகின்றன என்ற கேள்வியை முதலில் பாடமாக்கியவர்கள் மனையியல் ஆசிரியைகள்தாம். பக்கத்து மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பியட்ரிஸ் பவோலூச்சி சக ஆசிரியைகளோடு எழுதி 1977-இல் வெளியிட்ட குடும்ப முடிவெடுப்பு நூல், ஒரு வீட்டின் முடிவை அதன் சுற்றுச்சூழலோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. மெக்நீல் மண்டபத்துக்கும் அந்த மரபில் பங்கு உண்டு; அந்தக் கட்டடமே மினசோட்டாவில் மனையியலை வளர்த்த ஓர் ஆசிரியையின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஓல்சனும் டக்ளஸ் ஸ்ப்ரெங்கிள், கேண்டிஸ் ரஸல் இருவரும் 1979-இல் வெளியிட்ட வட்ட மாதிரி குடும்பங்களை இரண்டு அளவுகளில் வைத்துப் பார்த்தது. ஒன்று நெருக்கம், இன்னொன்று மாறிக்கொள்ளும் தன்மை. நெருக்கம் மிகக் குறைந்தாலும் சிக்கல், மூச்சுமுட்டும் அளவுக்கு மிகுந்தாலும் சிக்கல். நடுவில் இருப்பது நல்லது என்பது அதன் சாரம். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இது உடனே உறுத்தும். அமெரிக்க அளவுகோலில் மூச்சுமுட்டுவது நமக்கு இயல்பான பாசமாக இருக்கலாம். ஓல்சனே இதற்கு இடம் விட்டிருந்தார்: நெருக்கம் மிக அதிகமாக இருந்தாலும், வீட்டிலுள்ள எல்லோரும் அதையே விரும்பினால் அந்தக் குடும்பம் நன்றாக நடக்கும் என்றார். 'எல்லோரும்' என்பதில்தான் சோதனை இருக்கிறது. மருமகளைக் கேட்டார்களா? அந்தக் கேள்வியோடு பயன்படுத்தினால் அவருடைய மாதிரி நம் ஊரிலும் உதவும்.

குடும்ப ஆய்வு மையத்தைச் சுற்றி வளர்ந்த இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். ஷெராட் மில்லர், இலம் நன்னலி, டேனியல் வாக்மன் மூவரும் தம்பதியருக்குப் பேசவும் கேட்கவும் சொல்லித்தரும் பயிற்சியை உருவாக்கினார்கள். கல்யாணம் முறியும் கட்டத்தில் வருபவர்களுக்கு உதவுவதோடு நிற்காமல், நன்றாக இருக்கும்போதே பிணக்கைக் கையாளப் பழக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. கல்யாணத்துக்கு முன் மணமக்கள் இருவரும் தனித்தனியே நிரப்பும் கேள்வித்தாளை ஓல்சன் அதே எண்ணத்தில்தான் தயாரித்தார். பணம், மாமனார் மாமியார், பிள்ளை வளர்ப்பு, வீட்டு வேலை ஆகியவற்றில் இருவரும் என்ன நினைக்கிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள் என்று அது காட்டும். தேவாலயங்கள் பலவும் அதை எடுத்துக்கொண்டன.

வியட்நாம் போர் துறையை வேறு பக்கம் திருப்பியது. ஹாமில்டன் மெக்கப்பின் சான் டியேகோவில், போர்க் கைதிகளான, காணாமல் போன படைவீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தவர். பிறகு மினசோட்டாவுக்கு வந்தார். அவரும் ஜோன் பேட்டர்சனும் ஹில்லின் நான்கு எழுத்துகளை நீட்டினார்கள். அடி ஒன்றாக வருவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகிறது. கணவன் காணாமல் போனதோடு சம்பளத் தகராறு, பிள்ளையின் படிப்பு, மாமியார் வீட்டோடு சண்டை என்று சேர்ந்துகொண்டே போகும். நெருக்கடி முடிந்தபின் குடும்பம் என்ன ஆகிறது என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். பின்னர் பேட்டர்சன், நீண்டகால நோயுள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்பால் கவனத்தைத் திருப்பினார். அந்த வீடுகளில் நெருக்கடி ஒரு நாளில் வந்து போவதில்லை, தினமும் மருந்து வேளையில் வருகிறது.

இந்த வரலாற்றில் என் மனத்தில் முதலிடம் பெறுபவர் பாலின் பாஸ். 1934-இல் விஸ்கான்சினில் சுவிட்சர்லாந்துக் குடியேறிகளின் ஊரான நியூ கிளாரஸில் பிறந்தார். அவருடைய தந்தை சுவிட்சர்லாந்தை விட்டு வந்தவர். ஊர் நினைவிலேயே வாழ்ந்தார். உடலால் வீட்டில் இருந்தும் மனத்தால் வேறெங்கோ இருந்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர், குடும்பச் சிகிச்சையிலும் அதே மாதிரி அப்பாக்களைக் கண்டார். பிறகு வியட்நாமில் காணாமல் போனவர்களின் மனைவிமாரைச் சந்தித்தார். இங்கே நிலைமை தலைகீழ்: ஆள் வீட்டில் இல்லை, மனத்தில் மட்டும் இருக்கிறார். இறந்தாரா, உயிரோடு இருக்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இந்த இரு வகையையும் சேர்த்துத் தெளிவற்ற இழப்பு என்று அவர் பெயரிட்டார். 1981-இல் மினசோட்டாவுக்கு வந்து, மறதிநோய் கண்ட முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களிடம் இதை ஆராய்ந்தார். 1999-இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப்பின், இரட்டைக் கோபுரங்களில் வேலை செய்து உடல்கூடக் கிடைக்காமல் போன கட்டடப் பராமரிப்புத் தொழிலாளர் சங்கத்தினரின் குடும்பங்களை நியூயார்க்கில் குழுவாகச் சந்தித்து ஆறுதல் தந்தவர்களுக்கு அவரே வழிகாட்டினார்.

துக்கத்தை முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார் என்று இவர்களிடம் சொல்லக் கூடாது என்பது பாஸின் அழுத்தமான நிலை. முடிவு என்பது இவர்களுக்கு இல்லை. காணாமல் போனவர் இறந்திருக்கலாம், திரும்பியும் வரலாம் என்ற இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு வாழப் பழக வேண்டும். குடும்பத்துக்குள் ஒருவர் இறந்துவிட்டார் என்று நம்புவார், இன்னொருவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்புவார். அதனாலேயே சண்டை வரும். எந்த முடிவும் எடுக்க முடியாமல் வீடு உறைந்துபோகும். பாஸ் சொல்வது, இருவரும் ஒத்துப்போக வேண்டியதில்லை, ஒருவர் நம்பிக்கையை மற்றவர் பொறுத்துக்கொண்டால் போதும் என்பது.

இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இலங்கைதான். போர் முடிந்து ஆண்டுகள் ஆனபின்னும் வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். காணாமல் போனவரின் மனைவி பொட்டு வைப்பதா, வேண்டாமா? திவசம் கொடுப்பதா, கொடுத்தால் அவரை நாமே கொன்றதாகுமா? மகளின் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரை எப்படிப் போடுவது? நிலத்தை யார் பெயருக்கு மாற்றுவது? ஒவ்வொன்றும் குடும்ப முடிவு; ஒவ்வொன்றும் நெருக்கடி. இத்தகைய குடும்பங்களின் தேவைகளைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு 2016-இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களுக்குத் துணைநிற்கும் பணியையும் இலங்கையில் நடத்தியது. அந்தத் துணையின் அடிப்படையில் இருப்பது தெளிவற்ற இழப்பு என்ற கருத்துதான். மெக்நீல் மண்டபத்தில் எழுதப்பட்ட ஒன்று வன்னியில் ஒரு தாய்க்கு ஆறுதலாகும் என்றால், அந்த ஆராய்ச்சி வீண்போகவில்லை.

துறை இருந்த வளாகமே வேளாண் வளாகம் என்று முன்பே சொன்னேன். பால் ரோசன்பிளாட் அந்த இடத்துக்கு நியாயம் செய்தவர். துக்கத்தைப் பற்றியும் குடும்பத் தொழில்களைப் பற்றியும் ஆராய்ந்த அவர், அப்பாவும் மகனும் ஒரே நிலத்தில் பாடுபடும் பண்ணைக் குடும்பங்களின் பிணக்குகளுக்குள் போனார். அப்பாவுக்கு நிலத்தை விட மனம் வராது. மகனுக்கு நாற்பது வயதாகியும் எந்த விதை விதைப்பது என்று கேட்டுத்தான் செய்ய வேண்டும். மருமகள் உழைப்பாள், பேச்சில் இடம் இருக்காது. 1980-களில் அமெரிக்க விவசாயக் கடன் நெருக்கடி வந்தபோது, மினசோட்டாவில் பண்ணையை இழந்த, இழக்கப் பார்த்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். நிலம் போவது பணநஷ்டமாக மட்டும் இருக்கவில்லை, தாத்தாவுக்குச் செய்த துரோகமாகவும் அவர்களுக்கு இருந்தது. பாகப்பிரிவினை வழக்குகளில் நீதிமன்றப் படியேறும் நம் அண்ணன் தம்பிகளுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்லவே வேண்டாம்.

துறைக்குக் குறைகளும் இருந்தன. ஓல்சனும் மெக்கப்பினும் சேர்ந்து 1983-இல் வெளியிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் ஆய்வு லூத்தரன் குடும்பங்களைச் சார்ந்து எடுக்கப்பட்டது. வெள்ளை, இருபெற்றோர், தேவாலயக் குடும்பங்களே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தன. இதற்கிடையில் செயின்ட் பால் நகரில் லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் மக்கள் பெருந்தொகையாகக் குடியேறினார்கள். அவர்களிடம் குலத் தலைவர்கள் கணவன் மனைவி தகராறைக் கேட்டுத் தீர்க்கும் வழக்கம் உண்டு. நம் ஊர்ப் பஞ்சாயத்தைப் போலவே, அதில் பெரியவர்களின் பொறுப்பும் இருக்கிறது, பெண்ணின் குரல் அமுங்கும் ஆபத்தும் இருக்கிறது. ஹ்மாங் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர் ஒருவரே துறைக்குள் வந்து அந்தப் பெற்றோருக்கான பாடங்களை உருவாக்கியபோதுதான் துறை தன் ஊரை முழுவதும் பார்க்கத் தொடங்கியது என்பேன்.

வில்லியம் டோஹர்ட்டி 1986 முதல் இந்தத் துறையில் பணியாற்றியவர். ஹென்னபின் மாவட்டக் குடும்ப நீதிபதி புரூஸ் பீட்டர்சன் அவரிடம் எழுப்பிய கேள்விதான் ஒரு புதிய வேலைக்கு வழிவகுத்தது: விவாகரத்துக்கு மனுப்போட்ட எல்லோரும் உண்மையிலேயே முடிவெடுத்துவிட்டவர்களா? விவாகரத்து வழக்கில் இருந்த 2,484 பெற்றோரைக் கேட்டார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர், தன் திருமணத்தை இன்னும் காப்பாற்றலாம் என்று ஓரளவு நம்பினார். கணவன் மனைவி இருவரின் பதிலும் கிடைத்த ஜோடிகளில், ஏறத்தாழ ஒன்பதில் ஒன்றில் இருவருமே அப்படி நம்பினார்கள். 2011-இல் இது வெளியானது. ஒருவர் விலகப் பார்க்க, மற்றவர் பிடித்து வைக்கப் பார்க்கும் ஜோடிகளுக்கென்று டோஹர்ட்டி ஒரு குறுகிய கவுன்சலிங் முறையை வகுத்தார். அதிகபட்சம் ஐந்து சந்திப்பு. பெரும்பகுதி இருவரோடும் தனித்தனியே பேச்சு. சேர்த்துவைப்பதும் பிரித்துவைப்பதும் அதன் நோக்கமில்லை. இப்படியே இருப்பதா, பிரிவதா, ஆறு மாதம் விவாகரத்துப் பேச்சை ஒதுக்கிவைத்து முழுமூச்சாக முயன்று பார்ப்பதா என்று தெளிவாக முடிவெடுக்க உதவுவது மட்டுமே. அடி உதை உள்ள வீடுகளுக்கு இது பொருந்தாது. அங்கே பாதுகாப்புதான் முதல் கேள்வி.

போரிலிருந்து தொடங்கிய ஆய்வு மறுபடி போருக்கே திரும்பியதும் உண்டு. ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்த தேசியக் காவல்படையினரின் வீடுகளில், திரும்பி வந்த பெற்றோர் பிள்ளைகளோடு பழகக் கைகொடுக்கும் பயிற்சியை அபிகெய்ல் கெவிர்ட்ஸ் உருவாக்கி 336 குடும்பங்களோடு சோதித்தார். பெற்றோரின் அணுகுமுறை மேம்பட்டது, அதோடு பிள்ளைகளின் நிலையும் மேம்பட்டது. அயோவாவின் 135 குடும்பங்களிடம் ஹில் கண்டது ஒன்றுசேர்தலின் சிக்கலை. அதற்குக் கைமருந்து தேட இந்தத் துறைக்கு அரைநூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தமிழ்நாட்டில் மனையியல் துறைகள் இருக்கின்றன, சமூகப்பணித் துறைகள் இருக்கின்றன, 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்களும் இருக்கின்றன. சமரசத்துக்கு முயல வேண்டும் என்ற கடமையை அந்தச் சட்டமே நீதிமன்றத்துக்கு விதிக்கிறது. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அரிது. இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் நீதிமன்றக் கவுன்சலர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் மாவட்டக் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, மனுப்போட்டு வரும் கணவனையும் மனைவியையும் தனித்தனியே உட்கார வைத்து, இது இன்னும் சரியாகும் என்று நீங்கள் நம்புகிறீர்களா என்று கேளுங்கள். பெயர் இல்லாமல் பதிலைக் குறித்து வையுங்கள். ஓராண்டுப் பதில்கள் சேர்ந்தால், தமிழ்க் குடும்பங்களைப் பற்றித் தமிழிலேயே ஒரு துறை தொடங்க அது போதும்.